தொலைக்காட்சி மல்யுத்தமும் நம் குடும்பங்களும்



கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் பாட்டி முதல் பேரன் வரை ஒன்றாக உட்கார்ந்து பார்த்த நிகழ்ச்சிகளுள் மல்யுத்தமும் ஒன்று. லயத்தில் இரண்டொரு வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த காலம் அது. மல்யுத்தம் இன்றும் ஒளிபரப்பாகிறது. ஆனால் குடும்பம் கூடிப் பார்ப்பதில்லை. இது ஏன்? இதில் பெற்றோருக்குள்ள பொறுப்பு என்ன? இவற்றை இன்று ஆராய்வோம்.

தொலைக்காட்சி வருவதற்கு முன்பே நம்மவர் இந்த மல்யுத்தத்தை அறிந்திருந்தனர். பஞ்சாபில் பிறந்த தாரா சிங் 1940களின் பிற்பகுதியில் சிங்கப்பூருக்கு வந்தார். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று பெயர் பெற்றார். அவரோடு மோதியவர்களுள் புகழ் வாய்ந்தவர் கிங்காங். ஐரோப்பாவில் பிறந்த இவருடைய இயற்பெயர் எமில் சாயா. 1970இல் ஒரு கார் விபத்துக்குப் பின் இவர் காலமானார். பருத்த மனிதரைக் கண்டால் 'கிங்காங் மாதிரி' என்று நம் பெரியவர்கள் சொன்னது இவரை நினைத்துத்தான். தாரா சிங்கோ 1987இல் தொடங்கிய இராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாக நடித்து, 2012இல் மறைந்தார்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கியது. 1980களில் ஹல்க் ஹோகன், ஆண்ட்ரே போன்று அமெரிக்க மல்யுத்தத்தில் மோதிய வீரர்களின் பெயர்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் வாயிலும் புழங்கின. ஆங்கிலம் தெரியாதவருக்கும் அந்தக் காட்சி விளங்கியது. நல்லவன் யார், கெட்டவன் யார் என்பது மேடைக்கு வரும்போதே தெரிந்துவிடும். கெட்டவன் நடுவரின் கண்ணில் மண்ணைத் தூவுவான். நல்லவன் அடிபட்டு விழுந்து, மீண்டும் எழுவான். கூத்தில் பீமனும் துரியோதனனும் மோதுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று.

கூத்தைப் போலவே இதிலும் முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. அமெரிக்காவின் மிகப் பெரிய மல்யுத்த நிறுவனமே, இது போட்டி அன்று, பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று 1989இல் நியூ ஜெர்சி மாநில அரசிடம் ஒப்புக்கொண்டது. விளையாட்டுப் போட்டிகளுக்குரிய அரசுக் கட்டுப்பாட்டையும் கட்டணத்தையும் தவிர்ப்பதே அதன் நோக்கம்.

உண்மை வெளிப்பட்டதால்தான் குடும்பங்கள் விலகின என்று சொல்ல முடியாது. கூத்தின் முடிவு தெரிந்தும் விடிய விடியப் பார்த்தவர்கள் நாம். காரணங்கள் வேறு.

முதலாவது, நிலைய நிர்வாகத்தின் முடிவு. பிரிட்டனில் 1955 முதல் தனியார் தொலைக்காட்சியில் வந்த மல்யுத்தம், பல ஆண்டுகள் சனிக்கிழமை மாலையில் குடும்ப நிகழ்ச்சியாக விளங்கியது. அது பழம்பாணி என்று கருதப்பட்டு 1988இல் நிறுத்தப்பட்டது.

இரண்டாவது, உள்ளடக்கம். 1990களின் பிற்பகுதியில் இரண்டு அமெரிக்க நிறுவனங்களுக்கிடையே கடும் போட்டி மூண்டது. இளைஞர்களை இழுப்பதற்காக இரத்தமும், கெட்ட வார்த்தைகளும், அரைகுறை ஆடைகளும் புகுந்தன. தாயும் மகளும் ஒரே பாயில் அமர்ந்து பார்க்க முடியாமல் போயிற்று. 2008இல் அந்நிறுவனம் நிகழ்ச்சியை மீண்டும் சிறுவர்களுக்கு ஏற்றவாறு திருத்தியது. ஆனால் அதற்குள் பழக்கம் விட்டுப்போயிற்று.

மூன்றாவது, நம் வாழ்க்கை மாற்றம். பல தோட்டங்களில் இருந்த குடும்பங்கள் பட்டணங்களுக்கும் தாமான்களுக்கும் பிரிந்து சென்றன. ஒரு பெட்டி முன் பத்துப் பேர் இருந்த இடத்தில், ஆளுக்கொரு கைப்பேசி வந்தது. மல்யுத்தமும் கட்டண வழிகளுக்குப் போயிற்று. 2025 ஜனவரியில் 'ரா' என்னும் முக்கிய நிகழ்ச்சி நெட்பிளிக்சுக்கு மாறியது.

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். குடும்பம் விலகினாலும் பிள்ளைகள் விலகவில்லை. அவர்கள் தனியே, கைப்பேசியில் துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள். முன்பு பக்கத்தில் இருந்த தாத்தா, "அது சும்மாடா, நீ செய்யாதே" என்று ஒரு வார்த்தை சொல்வார். இன்று அதைச் சொல்ல ஆளில்லை.

முடிவு நாடகமானாலும் விழுவது மெய்யான விழுதல். வீரர்கள் பலகையும் மெத்தையும் இட்ட மேடையில், மோவாயை நெஞ்சோடு சேர்த்து, முதுகு முழுவதும் படும்படி விழப் பயிற்சி பெற்றவர்கள். தூக்கப்படுபவரும் தூக்குபவருக்கு ஒத்துழைக்கிறார். அப்படியிருந்தும் 1999 மே மாதம் ஓவன் ஹார்ட் என்ற வீரர், அரங்கின் உயரத்திலிருந்து இறக்கப்படும்போது தவறி விழுந்து மாண்டார். அப்படியானால், சிமெண்டுத் தரையில் தம்பியைத் தலைகீழாகத் தூக்கிப் போடும் பத்து வயதுப் பிள்ளையின் நிலை என்ன? கழுத்தெலும்பும் தண்டுவடமும் ஒரு முறை சேதமுற்றால் வாழ்நாள் முழுவதும் ஊனமாகலாம்.

ஆகவே பெற்றோர்களே, தடை போடுவதோடு நின்றுவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளையோடு அமர்ந்து பாருங்கள். எது நடிப்பு, எது ஆபத்து என்று விளக்குங்கள். பிடித்து விளையாட ஆசைப்படும் பிள்ளையைக் கபடிக்கோ சிலம்பத்துக்கோ அனுப்புங்கள். அங்கே கற்றுத்தர ஆசான் இருப்பார். யாராவது விழுந்து கழுத்து வலிக்கிறது, கைகால் மரத்துப்போகிறது என்றால், தூக்கி உட்கார வைக்காதீர்கள். அசையாமல் படுத்திருக்கச் செய்து, 999க்கு அழையுங்கள்.

மல்யுத்தம் குடும்ப நிகழ்ச்சியாக இருந்ததற்கு, பக்கத்தில் பெரியவர்கள் இருந்ததே பெருங்காரணம். அந்த இடத்தில் மீண்டும் நாம் அமர்வோம்.