ஒரே முகாமில் மூன்று படைத்தலைவர்கள்

1966ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தியத் தரைப்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் தளபதி பரமசிவப் பிரபாகர் குமாரமங்கலம். அதே ஆண்டு செப்டம்பரில் பாகிஸ்தான் படைக்குத் தலைவரானவர் தளபதி யாஹ்யா கான். முன்னவர் கொங்கு நாட்டுத் தமிழர்; பின்னவர் பஞ்சாபின் சக்வாலில் பிறந்தவர். இருவரும் இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியில் ஒரே கைதி முகாமில் அடைபட்டுக் கிடந்தவர்கள். அவர்களோடு அங்கே இருந்த இளம் பீரங்கி அதிகாரி டிக்கா கான், 1972இல் பாகிஸ்தானின் படைத்தலைவரானார். ஒரே முள்வேலிக்குள் இருந்த மூவர், பின்னர்ப் பகைத்து நின்ற இரு நாடுகளின் படைகளுக்குத் தலைமை தாங்கினர் என்பது கதையன்று, வரலாறு.

குமாரமங்கலம் 1913 ஜூலை முதல் நாள் பிறந்தார். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் அவர் குடும்பத்துக்கு உரியது. தந்தை டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். பின்னர் இராஜாஜி அமைச்சரவையிலும் இடம்பெற்றார். விடுதலைக்குப் பின் இந்தோனேசியாவுக்கு இந்தியாவின் முதல் தூதராகவும் சென்றார். தாய் இராதாபாய் மங்களூரைச் சேர்ந்தவர். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பில் கலந்துகொண்ட சிலருள் ஒருவர். சாதி கடந்த அம்மணம் அந்நாளில் பெருந்துணிவு என்றே சொல்லவேண்டும்.

இவ்வீட்டுப் பிள்ளைகள் சென்ற வழிகள் வியப்புக்குரியவை. மூத்தவர் ஈட்டன் பள்ளியில் பயின்று, ஊல்விச் இராணுவக் கழகத்தில் பயிற்சி பெற்று, 1933இல் அரசரின் ஆணை பெற்ற அதிகாரியானார். இளையவர் மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்ஜில் படித்துப் பொதுவுடைமையராகத் திரும்பி, 1941இல் சென்னைச் சதி வழக்கில் சிறை புகுந்தார். தங்கை பார்வதி கிருஷ்ணனும் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து, கோயம்புத்தூர்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அண்ணன் பிரிட்டிஷ் அரசரின் பீரங்கிகளோடு ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குச் சென்ற காலத்தில், தம்பி அதே அரசின் சிறையில் இருந்தார். ஆயினும் குடும்பம் உடையவில்லை. கொள்கை வேறு, உறவு வேறு என்று பிரித்து வைத்துக்கொள்ளும் பயிற்சி அவ்வீட்டில் இருந்தது போலும்.

குமாரமங்கலம் பீரங்கிப் படையைத் தேர்ந்தது தற்செயலன்று, ஒரு திறப்பின் பயன். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, மலைப் பீரங்கிகள் சிலவற்றைத் தவிர, பெரிய பீரங்கிகளை இந்தியர் கையில் கொடுக்க ஆங்கிலேயர் அஞ்சினர். பீரங்கி யாரிடம் இருக்கிறதோ அவரிடமே ஆட்சி இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. 1935இல்தான் இந்தியரைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் பட்டாளம் பெங்களூரில் அமைக்கப்பட்டது. அதில் சேர்ந்த முதல் இந்திய அதிகாரிகளுள் குமாரமங்கலம் ஒருவர். பின்னாளில் இந்தியப் படைத்தலைவரான பீரங்கிப்படையினருள் முதல்வரும் அவரே. அவருக்கு முன்னிருந்தவர்கள் காலாட்படையிலிருந்தோ குதிரைப்படையிலிருந்தோ வந்தவர்கள்.

1942 மே 26 இரவு, செர்மானியத் தளபதி ரோம்மெல் லிபியாவின் பீர் ஹக்கீம் அரணைத் தெற்கே சுற்றிக்கொண்டு தம் டாங்கிகளை நடத்தினார். அரணுக்குத் தென்கிழக்கே, படைவரைபடத்தில் 171 என்னும் எண்ணால் மட்டுமே குறிக்கப்பட்ட ஒரு மேட்டில் மூன்றாம் இந்திய மோட்டார் பிரிகேடு நின்றிருந்தது. அவ்விடத்துக்கு அது வந்து சேர்ந்து சில நாள்களே ஆகியிருந்தன. பதுங்குகுழிகள்கூட முழுமையாக அமையவில்லை. 27ஆம் நாள் விடியலில் இத்தாலியின் ஆரியேத்தே டாங்கிப் பிரிவு அதன்மேல் பாய்ந்தது. இரண்டாம் களப் பீரங்கிப் பட்டாளம் அருகில் வந்துவிட்ட டாங்கிகளை நேருக்கு நேர் குறிவைத்துச் சுட்டது. டாங்கிகள் பல எரிந்தன. ஆயினும் காலைப் பொழுதிலேயே மேடு வீழ்ந்தது. அன்று சிறைப்பட்டவர்களுள் எழுபதைக் கடந்த ஆங்கிலக் கடற்படைத் தளபதி வால்ட்டர் கோவனும் ஒருவர். ஓய்வு பெற்றபின் போர் வேண்டி வந்து இந்தியக் குதிரைப்படையோடு ஒட்டிக்கொண்டவர் அவர். கைத்துப்பாக்கியால் டாங்கியோடு போரிட்டாராம்!

மேஜர் குமாரமங்கலத்துக்கு அப்போரில் காட்டிய ஊக்கத்துக்காக டி.எஸ்.ஓ. என்னும் உயர்விருது கிடைத்தது. அதே பாலைவனப் போர்களில் அவர் சிறைப்பட்டார். நேப்பிள்சை அடுத்த அவெர்சாவில் இந்திய அதிகாரிகளுக்கென்று தனி முகாம் இருந்தது. யாஹ்யா கான், டிக்கா கான், பின்னாளில் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சரான யாக்கூப் கான், இராஜபுத்திர அதிகாரி அபே சிங் ஆகியோர் அங்கே குமாரமங்கலத்தின் தோழர்கள். அந்நாளில் அவர்கள் இந்தியர், பாகிஸ்தானியர் என்று பிரிந்திருக்கவில்லை. பிரிவதற்கு நாடு ஒன்றுதான் இருந்தது.

சிங்கப்பூர் வாசகர் இவ்விடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 171ஆம் மேடு விழுவதற்கு மூன்று மாதம் முன்னர், 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. 17ஆம் நாள் ஃபேரர் பார்க் திடலில் இந்தியப் படையினர் பல்லாயிரவர் ஒன்றுதிரட்டப்பட்டு, ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். கைதியாக இருப்பதா, மோகன் சிங் திரட்டும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்வதா என்னும் கேள்வி அவர்கள் முன் நின்றது. ஐரோப்பாவிலும் கைதிகளிடமிருந்தே நேதாஜியின் படையணி ஒன்று திரட்டப்பட்டது. கிழக்கில் ஒரு வழியைத் தேர்ந்த அதிகாரியையும் மேற்கில் மறுவழியைத் தேர்ந்த அதிகாரியையும் நாட்டுப்பற்றின் தராசில் ஏற்றி நிறுப்பது எளிதன்று. 1945 செப்டம்பர் 5இல் தஞ்சோங் பகாரை ஒட்டிய துறைமுகத்தில் வந்திறங்கிய ஐந்தாம் இந்தியப் படைப்பிரிவு, 1942இல் அதே லிபியப் பாலைவனத்தில் அடிபட்டு மீண்ட பிரிவாகும். தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழ் இளைஞர் பலர் அப்போது இவ்வூரில்தான் இருந்தனர்.

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. முகாம்களின் காவல் குலைந்த அந்நேரத்தில் கைதிகள் பலர் தப்பினர். யாஹ்யா கான் நேசப்படைகளின் எல்லையை அடைந்துவிட்டார். குமாரமங்கலம், யாக்கூப் கான், அபே சிங் மூவரும் இத்தாலியக் குடியானவர்களின் ஆதரவில் ஒளிந்து திரிந்தனர். ஓட்டத்தில் குமாரமங்கலத்தின் கணுக்கால் முறிந்தது. மீண்டும் பிடிபட்டுச் செர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். யாக்கூப் கானும் போர் முடியும்வரை செர்மனியில் கைதியாக இருந்தார். அவர் அக்காலத்தை மொழி கற்பதில் செலவிட்டார் என்பதைத் தமிழாசிரியர்கள் மகிழ்ந்து கேட்பர்.

1947இல் நாடு பிரிந்தது, படையும் பிரிந்தது. பட்டாளங்களோடு குதிரைகளும் பீரங்கிகளும், உணவுக்கூட வெள்ளிப் பாத்திரங்களுங்கூடப் பங்கிடப்பட்டன. அதன்பின் இரு படைகளும் சென்ற வழியை அவற்றின் தலைவர்க்கு இட்ட பெயரே காட்டும். ஆங்கிலேயர் காலத்து 'கமாண்டர்-இன்-சீஃப்' என்பது வெறும் பட்டமன்று. அப்பதவியில் இருந்தவர் வைஸ்ராய்க்கு அடுத்த நிலையினர், ஆட்சிக்குழு உறுப்பினர், முப்படைக்கும் மேலானவர். விடுதலை பெற்ற இந்தியா அதன் அதிகாரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, 1955இல் பெயரையும் நீக்கி, 'படைத் தலைமை அலுவலர்' என்னும் பொருள்பட 'சீஃப் ஆஃப் ஆர்மி ஸ்டாஃப்' என்று மாற்றியது. பாகிஸ்தான் பழைய பெயரை 1972வரை விடவில்லை. வள்ளுவர் படையை அரசின் உறுப்புகளுள் ஒன்றாக வைத்தாரேயன்றி, அரசாக வைக்கவில்லை. உறுப்பு உடலை ஆளத் தொடங்கினால் என்னவாகும் என்பதற்கு அண்டை நாடு சான்றாயிற்று. 1958இல் அயூப் கான் ஆட்சியைக் கைப்பற்றினார்.

குமாரமங்கலம் 1963-64இல் கிழக்குப் படைமண்டலத்துக்குத் தலைவராயிருந்து, 1965இல் துணைத் தலைமைத் தளபதியானார். அவ்வாண்டு நடந்த இந்திய-பாகிஸ்தான் போரின்போது அவர் அப்பதவியில்தான் இருந்தார். தலைமைத் தளபதியாக அவர் இருந்த மூன்றாண்டில் பெரும்போர் நிகழவில்லை. ஆயினும் 1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லையில் நாதுலாக் கணவாயிலும், அக்டோபரில் சோலாக் கணவாயிலும் சீனப்படையோடு மோதல் மூண்டது. 1962இல் பின்வாங்கிய படை இம்முறை இடம்விட்டு அகலவில்லை. தோல்வியால் தளர்ந்த படையை மீண்டும் நிமிர்த்தும் வேலை பத்திரிகைத் தலைப்புக்கு வாராத வேலை. அவர் காலத்துக்கு உரிய பெருமை அதுவே.

1969ஆம் ஆண்டை இவ்வரலாற்றின் திருப்பம் எனலாம். மார்ச்சு 25இல் யாஹ்யா கான் இராணுவச் சட்டம் பிறப்பித்துப் பாகிஸ்தானின் ஆட்சியை எடுத்துக்கொண்டார். ஜூன் மாதத்தில், மூன்றாண்டுக் காலம் முடிந்ததும், குமாரமங்கலம் பொறுப்பை மானெக்‌ஷாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். போலோ, கிரிக்கெட், குதிரையேற்றம் இவற்றில் ஈடுபாடு மிக்கவர். அவற்றுக்குப் பொழுது கிடைத்தது. 1970இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

பழைய முகாம் தோழர்களின் அடுத்த சோதனை டாக்காவில் நேர்ந்தது. கிழக்குப் பாகிஸ்தானில் உருது மட்டுமே ஆட்சிமொழி என்றதை எதிர்த்து 1952 பிப்ரவரி 21இல் மாணவர் உயிர் துறந்தனர்; உலகத் தாய்மொழி நாள் அவர்கள் நினைவில் பிறந்தது. 1970 தேர்தலில் ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை பெற்றும் ஆட்சி அவர்களிடம் கொடுக்கப்படவில்லை. அப்போது டாக்காவில் படைத்தலைவராக இருந்தவர் யாக்கூப் கான். அவர் வங்காளி மொழியைக் கற்றிருந்தார். அரசியல் சிக்கலைத் துப்பாக்கியால் தீர்க்க முடியாது என்று இஸ்லாமாபாத்துக்கு உரைத்து, 1971 மார்ச்சுத் தொடக்கத்தில் பதவி விலகினார். அவ்விடத்துக்கு யாஹ்யா கான் அனுப்பியவர் டிக்கா கான். மார்ச்சு 25 இரவு டாக்கா எரிந்தது. பல்கலைக்கழக விடுதிகளில் மாணவரும் ஆசிரியரும் சுடப்பட்டனர். அவ்வாண்டில் மாண்டவர் தொகையைப் பற்றி இன்றும் வாதம் உண்டு. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்கு ஓடிவந்தனர் என்பதில் வாதம் இல்லை. ஒரு முகாமில் இருந்த மூவருள் ஒருவர் ஆணையிட்டார், ஒருவர் மறுத்தார், ஒருவர் நிறைவேற்றினார்.

டிசம்பர் 16இல் கிழக்கில் இருந்த பாகிஸ்தான் படை சரணடைந்தது. படையினரும் பிறருமாகச் சுமார் 93,000 பேர் இந்தியாவின் கைதிகளாயினர். நான்கு நாளில் யாஹ்யா கான் பதவியிழந்து, வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 1972 மார்ச்சு 3இல் பூட்டோ பழைய பதவிப் பெயரை ஒழித்து, புதிய பெயரில் முதல் படைத்தலைவராக டிக்கா கானை அமர்த்தினார். தாமே வேற்று நாட்டு முள்வேலிக்குள் இருந்தவர், வேற்று நாட்டு முள்வேலிக்குள் இருந்த ஒரு பெரும்படைக்குத் தலைவரானார். கைதிகள் அனைவரும் திரும்ப 1974 ஏப்ரல் ஆகிவிட்டது.

டிக்கா கானின் பிற்கால வாழ்வு விந்தையானது. வங்காளத்தில் கொடியவர் என்று பெயரெடுத்த அவர், சிவில் அரசுக்கு அடங்கிய படைத்தலைவராகவே நான்காண்டும் இருந்தார். 1976 மார்ச்சில் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்த ஜியா உல் ஹக் 1977 ஜூலை 5இல் பூட்டோவைக் கவிழ்த்தார். பதவியின் பெயரை மாற்றியது பயன் தரவில்லை. டிக்கா கான் புதிய தளபதியின் பக்கம் சாயவில்லை. பூட்டோவின் கட்சியிலேயே நின்று, சிறையும் சென்று, அதன் பொதுச் செயலாளராக உழைத்தார். 1988 டிசம்பரில் பேநசீர் பூட்டோ ஆட்சிக்கு வந்தபோது பஞ்சாப் ஆளுநராகி, 1990வரை இருந்தார். டாக்காவில் மக்கள் தீர்ப்பை நசுக்கச் சென்றவரே, லாகூரில் மக்கள் தீர்ப்புக்காகச் சிறைப்பட்டவர். இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

யாஹ்யா கான் 1980 ஆகஸ்டு 10இல் இராவல்பிண்டியில் இறந்தார். மோகன் குமாரமங்கலம் மத்திய அமைச்சராக இருந்தபோது 1973 மே 31இல் விமான விபத்தில் மறைந்தார். அவருடைய அண்ணன் 2000 மார்ச்சு 13இல் காலமானார். டிக்கா கான் 2002 மார்ச்சு 28இல். டாக்காவில் பதவியைத் துறந்த யாக்கூப் கான் தூதராகவும் வெளியுறவு அமைச்சராகவும் நெடுநாள் பணியாற்றி, 2016 ஜனவரியில் தம் 95ஆம் வயதில் இஸ்லாமாபாத்தில் மறைந்தார்.