இடம் மாறும் இயந்திரமும் ஏடு மாறும் கணக்கும்

நாகபுரித் தொழிற்சாலையிலிருந்து ஒரு கடைசல் இயந்திரம் லாரியேறி இந்தூர்க் கிளைக்குச் சென்றுவிடுகிறது. கணக்கிலோ அது பல ஆண்டுகள் நாகபுரியிலேயே நின்றுகொண்டிருப்பதுண்டு. இந்தூரில் தீ விபத்து நேர்ந்தால், நாகபுரிக் கட்டடத்தை மட்டும் குறித்தெழுதிய காப்பீட்டுப் பத்திரம் கைகொடுக்குமா? இடமாற்றத்தைப் பதிவது வெறும் எழுத்து வேலையன்று என்பதை நேயர்கள் இதிலிருந்தே உணரலாம்.

கணக்கு மென்பொருளில் இதனை எவ்வாறு பதிவது? பலரும் செய்யும் பிழையை முதலில் காண்போம். அவ்வியந்திரத்தின் விலை 12,00,000 ரூபாய் என்று கொள்வோம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு ஆயுளை விதிக்கிறது. எஞ்சு மதிப்பு சாதாரணமாக நூற்றுக்கு ஐந்தைக் கடத்தலாகாது. ஆகவே 60,000 போக, ஆண்டொன்றுக்குத் தேய்மானம் 76,000 ரூபாய். ஐந்தாண்டு முடிவில் 3,80,000 தேய்ந்து, ஏட்டு மதிப்பு 8,20,000 ஆகிறது. கணக்கர் இந்த 8,20,000-ஐ மட்டும் இந்தூரில் புதுச் சொத்தாக எழுதினால், மென்பொருளுக்கு அதன் வயது தெரியாது. மீண்டும் 15 ஆண்டு என்று கொண்டு, ஆண்டுக்கு 51,933 ரூபாய்தான் கழிக்கும். இலாபம் ஆண்டுதோறும் 24,067 ரூபாய் மிகையாகத் தோன்றும். இயந்திரம் மொத்தம் இருபது ஆண்டு உழைக்க வேண்டியதாகும். அதைக் கேட்டால் ஒப்புக்கொள்ளாது!

ஆதலின் வாங்கிய விலை, திரண்ட தேய்மானம், பயன்படத் தொடங்கிய நாள் ஆகிய மூன்றும் ஒருங்கே செல்ல வேண்டும். இந்தூர்ச் சொத்துக் கணக்கில் 12,00,000 பற்று. நாகபுரியில் அதே தொகை வரவு. திரண்ட தேய்மானம் 3,80,000-ஐ இதற்கு நேர்மாறாக எழுதுக. இது விற்பனை அன்றாதலால் இலாப நட்டம் எழாது. மாற்றிய நாள்வரை உள்ள தேய்மானம் பழைய இடத்தையும், பின்னது புதிய இடத்தையும் சாரும்.

மாநில எல்லையைக் கடக்கையில் வரி குறுக்கிடுகிறது. 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த சரக்கு, சேவை வரிச் சட்டத்தின்படி, ஒரே கம்பெனியின் இரு மாநிலப் பதிவுகளும் தனித்தனி நபர்களே. பணம் கைமாறாவிடினும் வரிப் பட்டியல் எழுதியாக வேண்டும். ஒரே பதிவுக்குள் கிடங்கு மாற்றினால் இத்தொல்லை இல்லை.

கணிப்பொறியைத் தவறுதலாக மரச்சாமான் தலைப்பில் எழுதியிருப்பின், தலைப்பை மட்டும் மாற்றினால் போதாது. மரச்சாமானுக்கு ஆயுள் 10 ஆண்டு, கணிப்பொறிக்கு 3. அது மாற்றமன்று, பிழை திருத்தம். தேய்மானத்தையே மறுபடி கணக்கிட வேண்டும்.

துணைக் கம்பெனிக்கு அனுப்புவதோ விற்பனைதான். மேற்படி இயந்திரத்தை 9,00,000-க்குக் கொடுத்தால், விற்றவர் ஏட்டில் 80,000 இலாபம். வாங்கியவருக்கு 9,00,000-மே அடக்க விலை. தாய்க் கம்பெனி ஒருங்கிணைந்த கணக்கைத் தயாரிக்கும்போது அந்த 80,000-ஐ நீக்கிவிட வேண்டும். வலக்கைப் பணத்தை இடக்கையில் மாற்றி ஈட்டிய இலாபம் அது.

சொத்துப் பதிவேட்டில் இடப்பெயரை மட்டும் ஓசையின்றித் திருத்திவிடுவோரும் உளர். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் நாளுடன் பதிந்து வைக்க வேண்டும் என்பது விதி. ஆகையால் மாற்றச் சீட்டு ஒன்று எழுதி, இயந்திரத்தில் ஒட்டியுள்ள சொத்து எண்ணையே அதிலும் குறித்து, இரு கிளைப் பொறுப்பாளரும் கையெழுத்திட்ட பின்னரே மென்பொருளில் பதிவதை நாம் விரும்புகிறோம்.