உறைபனியில் ஊர்தியின் நீர்க்குழாய்கள்

குளிர்காலத்தில் லடாக் போன்ற மலைநாடுகளில் பிரயாணம் செய்வோருக்கு, தங்கவும் சமைக்கவும் வசதியுள்ள கேரவன் ஊர்தி பெரிதும் பயன்படுகிறது. அதில் நீர்த்தொட்டி, பம்பு, குழாய்கள், கழிவுநீர்த்தொட்டி ஆகியவை அமைந்திருக்கும். லே நகரம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஜனவரி இரவுகளில் அங்கு உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழே 10 பாகை சென்டிகிரேடுக்கும் தாழ்ந்துவிடும். ஓரிரவுக் கவனக்குறைவால் குழாய் வெடித்துவிட்டால், தொட்டியிலுள்ள குடிநீர் முழுவதும் வீணாகக்கூடும்.

குழாய் வெடிப்பது ஏன்? பெரும்பாலான பொருள்கள் திரவநிலையிலிருந்து திடநிலைக்கு மாறும்போது சுருங்குகின்றன. நீரோ விரிகிறது. 1,000 கன சென்டிமீட்டர் நீர் உறைந்தால் ஏறக்குறைய 1,090 கன சென்டிமீட்டர் பனிக்கட்டியாகும். ஆயினும் பனிக்கட்டி தோன்றிய இடத்திலேயே குழாய் பிளக்கும் என்பதில்லை. குழாயின் நடுவே உருவாகும் பனிக்கட்டி வளர வளர, அதற்கும் மூடிய குழாய்த்திருகுக்கும் இடையே அகப்பட்ட நீரை நெருக்குகிறது. நீர் எளிதில் அமுங்காது. ஆகையால் அழுத்தம் மிக அதிகமாகி, வலிமை குறைந்த இணைப்பு பிளந்துவிடுகிறது. பனி உருகும் வரை இப்பிளவு வெளிப்படாமலே இருக்கக்கூடும்.

தொட்டியைவிடக் குழாய் விரைவில் உறைவதற்கும் காரணம் உண்டு. பூஜ்யப் பாகையிலுள்ள ஒரு கிராம் நீர் உறைவதற்குச் சுமார் 80 கலோரி உஷ்ணத்தை இழக்க வேண்டும். தொட்டியில் நீரின் அளவு மிகுதி. குழாயிலோ நீர் குறைவு, குளிர்காற்றுப் படும் பரப்பு அதிகம். குழாயின்மீது சுற்றும் கம்பளியோ நுரைப்பொருளோ உஷ்ணம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துமேயன்றி, உஷ்ணத்தை உண்டாக்காது. நீண்ட இரவுக்கு அது மட்டும் போதாது.

ஆகவே உறைபனி இரவில் ஊர்தியைச் சூடேற்றாமல் நிறுத்துவதாயின், குழாய்களில் நீரே இல்லாதபடி செய்வதுதான் சிறந்த காப்பு. மாலையில் வேண்டிய குடிநீரைப் பாத்திரங்களில் நிரப்பி, ஊர்திக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர்த் தொட்டியையும் வெந்நீர்க் கலத்தையும் வடித்து, பம்பைச் சிறிது நேரம் இயக்கி எஞ்சிய நீரை வெளியேற்ற வேண்டும். வெந்நீர்க் கலத்தின் சூடேற்றியை முன்னரே நிறுத்திவிடுதல் அவசியம். எல்லாத் திருகுகளையும் இரவு முழுவதும் திறந்தே வைக்கலாம்.

கழுவுதொட்டியின் அடியிலுள்ள வளைகுழாயில் எப்போதும் சிறிது நீர் தங்கும். அதில் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த உறைதடுப்பு நீரை ஊற்றலாம். எஞ்சின் ரேடியேட்டருக்குரிய எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம்; இனிப்புச் சுவையுடையதாதலால் ஆபத்து மேலும் அதிகம். குடிநீர்க் குழாய்களில் அதை ஒருபோதும் சேர்த்தலாகாது.

குழாய் உறைந்துவிட்டால் தீச்சுவாலையைக் காட்டக்கூடாது. முதலில் திருகைத் திறந்துவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியை அத்திருகின் பக்கத்திலிருந்து தொடங்கிச் சுற்றிவர வேண்டும். அவ்வாறு செய்தால் உருகிய நீர் வெளியேற வழியிருக்கும். மூடிய ஊர்திக்குள் கரியடுப்பு மூட்டுவதும் உயிருக்கு அபாயம். கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை எளிதில் விளக்கலாம். மெல்லிய பிளாஸ்டிக் புட்டியில் விளிம்புவரை நீர் நிரப்பி, மூடி, குளிர்ப்பெட்டியின் உறைபனி அறையில் ஓரிரவு வைத்தால், மறுநாள் புட்டி புடைத்திருப்பதை மாணவர் நேரில் காண்பர். கண்ணாடிப் புட்டியைப் பயன்படுத்தலாகாது.