ஆறு மாதக் கணக்கும் தாடியஸ் ஸ்டீவன்ஸும்

அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தத்துக்கும், பிறப்பால் குடியுரிமையையும் சட்டத்தின் சமமான பாதுகாப்பையும் உறுதிசெய்த 14-ஆம் திருத்தத்துக்கும் பிரதிநிதிகள் அவையில் முன்னின்று வாதாடிய தாடியஸ் ஸ்டீவன்ஸ், இளம் வழக்கறிஞராக இருந்தபோது அடிமையின் உரிமையாளர் ஒருவருக்காகவும் வழக்காடி வென்றவர்.

வெர்மான்ட் மாநிலத்தில் 1792-இல் வளைந்த பாதத்துடன் பிறந்த அவர், டார்ட்மத் கல்லூரியில் பயின்று, 1816-இல் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் தொழிலைத் தொடங்கினார். அம்மாநிலம் 1780-இல் இயற்றிய படிப்படியான அடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி, வெளி மாநிலத்தவர் அழைத்துவரும் அடிமை அங்கு ஆறு மாதத்துக்கு மேல் தங்கவைக்கப்பட்டால் விடுதலை பெறுவார். மேரிலாந்திலிருந்து பலமுறை அழைத்துவரப்பட்ட சாரிட்டி பட்லர் என்ற பெண், தான் தங்கிய நாட்களைக் கூட்டினால் அந்த வரம்பு கடந்துவிடுகிறது என்று உரிமை கோரினார். தங்கல் இடைவிடாததாக இருக்க வேண்டும் என்று ஸ்டீவன்ஸ் வாதிட, 1821-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சட்டம் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லில் ஒருவரின் விடுதலை தொலையக்கூடும் என்பதை அவ்வழக்கைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டியிருக்க முடியாது.

பிற்காலத்தில் அவர் நின்றது எதிர்ப்பக்கத்தில். வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டும் என்று குறுக்கிய 1838-ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பில் கையொப்பமிட மறுத்தார். தப்பிய அடிமைகளைப் பிடிக்க வந்தவர்களோடு 1851-இல் கிறிஸ்டியானாவில் நடந்த மோதலில் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட காஸ்ட்னர் ஹான்வேக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவராக இருந்து, அவரது விடுதலைக்குத் துணைநின்றார். உள்நாட்டுப் போரின்போது வரி, செலவு ஆகியவற்றைக் கவனிக்கும் குழுவின் தலைவராக இருந்த அவரது இரும்பு ஆலையை, 1863-இல் தென்மாநிலப் படையினர் எரித்தனர்.

போருக்குப் பின் சட்டச் சமத்துவம் மட்டும் போதாது என்று கருதிய ஸ்டீவன்ஸ், கிளர்ச்சி செய்த பெருநிலக்கிழார்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வீதம் வழங்க வேண்டும் என்று 1867-இல் முன்மொழிந்தார். சொத்துரிமையில் கைவைக்கும் அத்திட்டத்துக்கு அவரது சொந்தக் கட்சியினரிடையேகூடப் போதிய ஆதரவு கிட்டவில்லை. 14-ஆம் திருத்தம் 1868 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம் 11-ஆம் நாள் அவர் காலமானபோது, தென்மாநில நிலத்தின் பெரும்பகுதி பழைய உரிமையாளர்களிடமே இருந்தது.