மரம் பேசுமா? கெப்போங் வேர்களும் வகுப்பறைக் கதையும்

“டீச்சர், மண்ணுக்கு அடியில மரமெல்லாம் இண்டர்நெட் மாதிரி பேசிக்குமாமே, உண்மையா?”

தாவரங்கள் பாடம் நடக்கும் வாரத்தில் ஏதாவது ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிடும். யூடியூபில் அழகான காணொலிகள் நிறைய இருக்கின்றன. தாய் மரம் தன் கன்றுக்குச் சோறு ஊட்டுகிறது, பூச்சி வந்தால் பக்கத்து மரத்துக்குச் சொல்லி அனுப்புகிறது என்றெல்லாம் காட்டுவார்கள். “ஆமாம்பா” என்று சொல்லிவிட்டு நகரலாம். “சும்மா கதை” என்று தள்ளியும் விடலாம். இரண்டுமே சரிவராது. ஆய்வாளர்கள் அளந்து பார்த்தது எது, அதன்மேல் கட்டிய கதை எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. நிலத்தில் வளரும் தாவர வகைகளில் பெரும்பாலானவை தம் வேரில் பூஞ்சையைச் சேர்த்துக்கொண்டுதான் வாழ்கின்றன. 1885இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஏ.பி. ஃபிராங்க் இந்தக் கூட்டுக்கு மைக்கோரைசா என்று பெயர் வைத்தார். பூஞ்சை, வேர் என்னும் இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்தது அது. தமிழில் வேர்ப்பூஞ்சை என்று சொல்லலாம். கொடுக்கல் வாங்கல் எளிமையானது. இலை ஒளிச்சேர்க்கையில் செய்த சர்க்கரையில் ஒரு பங்கு பூஞ்சைக்குப் போகிறது. பதிலுக்கு அது மண்ணிலிருந்து நீரையும், முக்கியமாகப் பாஸ்பரசையும் கொண்டுவந்து தருகிறது. நம் ஊர்ச் செம்மண்ணில் பாஸ்பரஸ் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும். தடித்த வேர் போக முடியாத இடுக்கில், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பூஞ்சை இழை போய்விடும்.

இதை எங்கோ கனடாவில் நடப்பதாகச் சொல்ல வேண்டியதில்லை. கோலாலம்பூருக்கு வடமேற்கே கெப்போங்கில், ஃப்ரிம் என்று நாம் சொல்லும் மலேசிய வன ஆய்வுக் கழகம் இருக்கிறது. கிள்ளான் பள்ளிகளும் பிரிக்ஃபீல்ட்ஸ் பள்ளிகளும் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். இன்று அடர்காடாகத் தெரியும் அந்த இடம் 1920களில் ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலமும் பழைய காய்கறித் தோட்டமுமாகக் கிடந்தது. மனிதர்கள் நட்டு வளர்த்த காடு அது; 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வானத்தை அண்ணாந்து பார்த்தால் ஒன்றன் கிளை இன்னொன்றைத் தொடாமல் நிற்கும் கப்பூர் மரங்கள் தெரியும். பழைய காலத்துப் பாருஸ் கற்பூரம் கிடைத்தது இந்த மர வகையிலிருந்துதான். எல்லோரும் மேலே பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கீழே யாரும் பார்ப்பதில்லை.

கப்பூர், மெராந்தி, கெருயிங் எல்லாம் டிப்டெரோகார்ப் குடும்பம். நம் மழைக்காட்டின் உயர்ந்த மரங்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்தான். இவற்றின் நுனிவேரைப் பூஞ்சை ஓர் உறைபோல மூடியிருக்கும். வேர்நுனி குட்டையாக, சற்றுத் தடித்துத் தெரியும். 1966இலேயே கே.ஜி. சிங் இதைப் பற்றி ‘மலாயன் ஃபாரஸ்டர்’ இதழில் எழுதினார். பிறகு ஃப்ரிம்மின் பூஞ்சையியலாளர் லீ சூ சீ டிப்டெரோகார்ப் மரங்களின் வேர்ப்பூஞ்சைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நாற்றுப்பண்ணைகளில் பைக்குள் காட்டு மேல்மண்ணைக் கலப்பதற்கு ஒரு காரணம் இதுதான். அந்த மண்ணோடு பூஞ்சையும் வந்துவிடும். பள்ளிகளில் ‘மரம் நடுவோம்’ நிகழ்ச்சிக்கு, கட்டடம் கட்டிய மீதி மண்ணைக் கொட்டிய இடத்தில் ஒரு மெராந்திக் கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். அது வாடினால் “தண்ணி ஊத்தல” என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம். அந்த மண்ணில் கன்றுக்குக் கூட்டாளி உண்டா என்றும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி கனடா. சூசன் சிமார்ட் என்ற வன ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செய்த சோதனை 1997இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. பிர்ச், டக்ளஸ் ஃபர், சிவப்பு சீடர் என மூன்று வகைக் கன்றுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்தார்கள். முதல் இரண்டும் ஒரே வகைப் பூஞ்சைகளைப் பகிரக்கூடியவை. சீடருக்குப் பூஞ்சை வேறு வகை. ஒப்பிட்டுப் பார்க்க அது. பிர்ச்சையும் ஃபரையும் பைகளால் மூடி, ஒன்றுக்குக் கார்பன் 13, மற்றதற்குக் கார்பன் 14 கலந்த கரியமிலவாயுவைக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் பிர்ச்சின் கார்பன் ஃபரில், ஃபரின் கார்பன் பிர்ச்சில். கூட்டிக் கழித்தால் லாபம் ஃபருக்கு. நிழலில் அதிகமாக இருந்த ஃபருக்கு இன்னும் கூடுதல். சீடரில் கொஞ்சம்தான். இரண்டு ஐசோடோப்பை வைத்து, போனது வந்தது இரண்டையும் தனித்தனியே கணக்குப் பார்த்தது அருமையான வேலை. ‘நேச்சர்’ அதற்கு ‘வுட் வைட் வெப்’ என்று பெயர் சூட்டியது. பெயர் ஓடிவிட்டது, ஆய்வு பின்னால் நடந்து வருகிறது!

அந்தச் சோதனையில் தாய் மரமே கிடையாது. எல்லாம் கன்றுகள். சீடரிலும் கொஞ்சம் கார்பன் வந்ததால், இழை வழியாக மட்டுமல்லாமல் மண் வழியாகவும் கார்பன் போகலாம் என்று அப்போதே சிலர் கேட்டார்கள். 2023இல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா மூவரும் அதுவரை வந்த கள ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பெரிய மரம் தன் சொந்தக் கன்றைத் தேர்ந்து உணவோ எச்சரிக்கையோ அனுப்புகிறது என்பதற்குக் காட்டில் செய்த ஆய்வு ஆதாரம் இல்லை என்றார்கள். இதில் மெலனி ஜோன்ஸ் யார் தெரியுமா? 1997 கட்டுரையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அறிவியல் மனப்பான்மை என்று நாம் பாடத்திட்டத்தில் எழுதி வைக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. சிமார்ட் தன் கருத்தில் உறுதியாக இருக்கிறார்; வாதம் இன்னும் முடியவில்லை. நம் பக்கத்துப் போர்னியோ காட்டில் டிப்டெரோகார்ப் நாற்றுகளை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஓர் ஆய்விலும், பொதுவான பூஞ்சை வலையால் நாற்றுகளுக்குச் சொல்லும்படியான நன்மை தெரியவில்லை.

மண்ணுக்கடியில் மரத்துக்கு மரம் பூஞ்சை போவதைக் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டப்புற மக்கள் வேறு விதமாக அறிந்திருந்தார்கள். பால்மரத்தில் வரும் வெள்ளை வேர் நோய்தான் அது. ரிகிடோபோரஸ் என்ற பூஞ்சை, வெட்டிய பழைய மரத்தின் அடிக்கட்டையில் உயிரோடு இருக்கும். வெள்ளைக் கயிறுபோல இழை விட்டு, வேரிலிருந்து வேருக்குத் தாவி, மறுநடவு செய்த இளமரத்தைக் கொல்லும். அதனால்தான் அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்தார்கள். நோய் கண்ட மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டினார்கள். வலையை அறுக்கத்தான் அந்தப் பள்ளம். இதுவும் மண்ணுக்கடித் தொடர்புதான், ஆனால் இதில் அம்மாவும் இல்லை, அன்பும் இல்லை. தாத்தா பாட்டி தோட்டத்தில் இருந்தவர்கள் என்றால் பிள்ளைகளை வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். (மழைக்குப் பின் புற்றில் பறித்த காளானையும் சேர்த்துச் சொல்வார்கள். அது கரையானோடு வாழும் காளான், வேர்ப்பூஞ்சை இல்லை. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

வகுப்பில் இப்படிச் செய்து பார்க்கலாம். ஆறு வாசகங்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: ‘பூஞ்சை வேருக்குப் பாஸ்பரஸ் தருகிறது’, ‘பிர்ச்சின் கார்பன் ஃபரில் இருந்தது’, ‘கார்பன் இழை வழியாகவே போனது’, ‘தாய் மரம் பிள்ளையை அறியும்’, ‘நோய்ப்பூஞ்சை வேர் வழியே பரவும்’, ‘மரம் பேசும்’. குழுவாக உட்கார்ந்து ‘அளந்தது’, ‘ஊகித்தது’, ‘கதை’ என்று மூன்றாகப் பிரிக்கட்டும். மூன்றாவது வாசகத்தில்தான் சண்டை வரும். வரட்டும், நேரம் கொடுங்கள். ஃப்ரிம்முக்குப் போனால் கைலென்ஸ் கொண்டுபோங்கள். செடியைப் பிடுங்கக் கூடாது, மண்ணைத் தோண்டக் கூடாது. பாதையோரத்தில் உதிர்ந்து மட்கிய ஓர் இலையைத் திருப்பினாலே வெள்ளை இழை தெரியும். அதில் பெரும்பாலும் இலையை மட்கச் செய்யும் பூஞ்சைதான் இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.