பத்து நிமிஷத்தின் விலை

நெடுஞ்சாலையில் மோட்டார்க் காரை விரைவாக ஓட்டினால் காலம் மிச்சமாகும் என்பது யாவரும் அறிந்த விஷயம். அவ்விதம் மிச்சமாகும் காலத்திற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதை அறிந்தவர் சிலரே. பெட்ரோல் பங்கில் கொடுக்கும் பணத்தில் தூரத்திற்காகக் கொடுத்தது எவ்வளவு, வேகத்திற்காகக் கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ரசீது எங்கும் கிடையாது. ஆகையால் வேகம் இனாமாகக் கிடைப்பதுபோல் தோன்றுகிறது. உண்மையில் அது இனாம் அல்ல. தனி மனிதனுக்கு அது சில ரூபாய்க் கணக்கு. எண்ணெயை அந்நிய தேசங்களிலிருந்து வாங்கி வாழும் ஜன சமூகத்திற்கோ அது ராஜீயக் கணக்கு. இவ்விரண்டு கணக்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலிப்போம்.

முதலில், காரில் ஊற்றும் பெட்ரோல் எங்கே போகிறது என்பதைப் பார்க்கவேண்டும். அதில் பெரும்பகுதி எஞ்சினிலேயே உஷ்ணமாகி, புகைக் குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வீணாகிவிடுகிறது. சுமார் நாலில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்கு மிஞ்சுகிறது. சமதரையில் நிதானமான வேகத்தில் ஓடும் காருக்கு அந்த ஒரு பங்கும் இரண்டு சத்துருக்களை வெல்வதற்கே செலவாகிறது. ஒன்று, டயர் நசுங்கி நிமிர்வதால் உண்டாகும் தடை. மற்றொன்று, காற்றின் எதிர்ப்பு. முதல் சத்துரு சாது. வேகம் கூடினாலும் அதன் பலம் அதிகமாகக் கூடுவதில்லை. இரண்டாவது சத்துரு அப்படிப்பட்டதன்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் எதிர்ப்பு ஒன்பது மடங்காகும். இது மனிதர் வகுத்த சட்டமல்ல. திருத்தவோ ரத்து செய்யவோ எந்தச் சட்டசபைக்கும் அதிகாரம் இல்லாத இயற்கை விதி.

இவ்விதியை ஒரு சாதாரணக் குடும்பக் காருக்குப் பொருத்திப் பார்ப்போம். காரின் எடை சுமார் 1,400 கிலோ; வடிவம் இக்காலத்துக் கார்களுக்கு உரிய நடுத்தர வடிவம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குறிப்பிட்ட தூரத்தைக் கடக்க அது செய்யவேண்டிய வேலையை 100 என்று கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அதே தூரத்திற்கு 133 பங்கு வேலையும், 120-ல் 173 பங்கும், 140-ல் 220 பங்கும் செய்தாகவேண்டும். 80-ல் போகும்போது எஞ்சினின் உழைப்பில் பாதிக்குச் சற்று அதிகமான பங்கைக் காற்று விழுங்குகிறது. 120-ல் நாலில் மூன்று பங்கை விழுங்கிவிடுகிறது. அதாவது, அந்த வேகத்தில் போகிறவர் வாங்கும் பெட்ரோலில் பெரும்பங்கு அவரைச் சுமப்பதற்காகச் செலவாவதில்லை. எதிரே நிற்கும் காற்றைத் தள்ளுவதற்காகவே செலவாகிறது.

பாரம் அதிகமாகும்போது பெட்ரோல் எஞ்சின் சற்றுத் திறமையாக வேலை செய்யும். ஆகையால் பெட்ரோல் செலவு மேற்சொன்ன விகிதத்தில் முழுவதும் ஏறுவதில்லை. கொஞ்சம் குறைவாகவே ஏறுகிறது. அதையும் கழித்துவிட்டே கணக்குப் பார்க்கலாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் நூறு கிலோமீட்டர் தூரத்திற்கு 6 லிட்டர் செலவு செய்யும் கார், 80-ல் சுமார் 5 லிட்டரும், 120-ல் சுமார் 7¼ லிட்டரும், 140-ல் 8¾ லிட்டருக்கு மேலும் செலவு செய்யும். அந்த நூறு கிலோமீட்டருக்கு ஆகும் காலம் முறையே 75 நிமிஷம், 60 நிமிஷம், 50 நிமிஷம், 43 நிமிஷம் ஆகும். வியாபாரத்தின் லட்சணத்தை இப்போது கவனிக்கவேண்டும். 80-லிருந்து 100-க்குப் போனால் ஒரு லிட்டர் கொடுத்து 15 நிமிஷம் வாங்குகிறோம். 100-லிருந்து 120-க்குப் போனால் 1¼ லிட்டர் கொடுத்து 10 நிமிஷமே வாங்குகிறோம். அதற்கு மேல் 140-க்குப் போனால் 1½ லிட்டர் கொடுத்து 7 நிமிஷந்தான் வாங்குகிறோம். சரக்குக் குறையக் குறைய விலை ஏறிக்கொண்டே போகும் இந்தக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வியாபாரம் செய்வது புத்திசாலித்தனமா?

அப்படியானால் மாட்டு வண்டியின் வேகத்தில் போவதே சிக்கனமல்லவா என்று ஒருவர் கேட்கலாம். அதுவும் சரியல்ல. எஞ்சின் சும்மா சுழல்வதற்கே கொஞ்சம் பெட்ரோல் வேண்டும். மிகவும் மெதுவாகப் போனால் வழியில் கழியும் நேரம் முழுவதும் அந்தச் செலவு ஏறிக்கொண்டே இருக்கும். கீழ் கியர்களில் ஓடுவதால் எஞ்சினின் சொந்த உராய்வும் வீணாக்கும். ஆகையால் மேல் கியரில் சிரமமின்றி ஓடக்கூடிய நடுத்தர வேகமே சிக்கனமானது. பெரும்பாலான கார்களுக்கு அது மணிக்கு 60-க்கும் 80-க்கும் இடையில் அமைகிறது. மணிக்கு 50 மைலுக்கு மேல், அதாவது 80 கிலோமீட்டருக்கு மேல், சிக்கனம் விரைவாகக் குறைகிறது என்று அமெரிக்க சர்க்காரின் எரிசக்தி இலாகா பொது ஜனங்களுக்கு அறிவுறுத்தி வருகிறது. கூரைமேல் பெட்டி படுக்கைகளைக் கட்டிக்கொண்டு போவதும், டயரில் காற்றுக் குறைந்திருப்பதும் இந்த நஷ்டத்தை அதிகரிக்கும். எதிர்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசுமானால், 100-ல் போகும் கார் 120-ல் போகும் காருக்குரிய காற்று எதிர்ப்பையே அனுபவிக்கும். மின்சாரக் கார்களும் இவ்விதிக்கு விலக்கல்ல. அவற்றின் மோட்டார் உஷ்ணமாக வீணாக்குவது சொற்பமாகையால், வேகத்தால் வரும் நஷ்டம் மறைய இடமின்றி, பாட்டரி விரைவில் தீர்ந்துபோவதில் பளிச்சென்று தெரிகிறது.

இது தனி மனிதனின் கணக்கு. இனி தேசத்தின் கணக்கைப் பார்ப்போம். இதற்குப் படிப்பினையாக உள்ள மிகப் பெரிய பரீட்சை அமெரிக்காவில் நடந்தது. 1973-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் எகிப்தும் ஸிரியாவும் இஸ்ரேலுடன் யுத்தத்தில் இறங்கின. இஸ்ரேலுக்கு ஆயுதம் உதவிய அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதில்லை என்று அரபு எண்ணெய் தேசங்கள் தீர்மானித்தன. பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 3 டாலராக இருந்த விலை, 1974 ஜனவரிக்குள் 12 டாலரை எட்டியது. உலகத்தின் மகா வல்லரசு என்று மார்தட்டிய தேசத்தில் ஜனங்கள் பெட்ரோலுக்காக வரிசையில் காத்து நின்றார்கள். அப்பொழுதுதான் வேகத்தின் விலை அந்நாட்டு ராஜதந்திரிகளின் கண்ணில் பட்டது. 1974 ஜனவரி 2-ந் தேதி ஜனாதிபதி நிக்ஸன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடெங்கும் எந்தச் சாலையிலும் மணிக்கு 55 மைலுக்கு மேல், அதாவது சுமார் 88 கிலோமீட்டருக்கு மேல், போகலாகாது. இதற்கு இணங்காத ராஜ்யங்களுக்கு நெடுஞ்சாலைக்கான மத்திய சர்க்கார் உதவிப் பணம் கிடையாது என்பது அச்சட்டத்தின் சாரம்.

பலன் என்ன? 1973-ல் அமெரிக்கச் சாலைகளில் சுமார் 54,000 பேர் மாண்டனர். 1974-ல் இத்தொகை சுமார் 45,000 ஆகக் குறைந்தது. ஜனங்கள் பிரயாணத்தைக் குறைத்ததும் இதற்கு ஒரு காரணம் என்றாலும், வேகக் குறைவுக்கும் இதில் கணிசமான பங்குண்டு. சட்டம் எந்த எண்ணெய்க்காகப் பிறந்ததோ அந்த எண்ணெயில் மட்டும் லாபம் சொற்பமாகவே இருந்தது. அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1984-ல் வெளியிட்ட அறிக்கை, மிச்சமானது நெடுஞ்சாலைப் போக்குவரத்துக்கான எரிபொருளில் 100-க்குச் சுமார் 2 பங்கே என்று மதிப்பிட்டது.

விஞ்ஞானம் 100-க்கு 20 என்று சொல்ல, அனுபவம் 2 என்று சொல்வது ஏன்? விஞ்ஞானம் பொய்யாகிவிட்டதா? இல்லை. ஒரு தேசத்தின் வண்டிகள் அனைத்தும் எப்பொழுதும் நெடுஞ்சாலையிலேயே ஓடுவதில்லை. நகரத் தெருக்களில் நின்று நின்று போகும் வண்டிக்கு இச்சட்டத்தால் யாதொரு மாறுதலும் இல்லை. இது முதற்காரணம். இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. ஜனங்கள் சட்டத்தை மதிக்கவில்லை. அதற்கு முன் பகல் வேளையில் இத்தனை மைல் என்ற வரையறையே இல்லாதிருந்த மான்டானா ராஜ்யம், உதவிப் பணத்திற்காகச் சட்டத்தை ஏற்றது. ஆனால் மீறுவோருக்கு விதித்த அபராதம் 5 டாலர்தான். நெருக்கடி நினைவில் இருந்த வரையில் ஓரளவு கட்டுப்பட்ட ஜனங்கள், எண்ணெய் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் சட்டத்தைத் தொந்தரவாகக் கருதினார்கள். 1987-ல் கிராமாந்தரப் பெருஞ்சாலைகளில் 65 மைல் வரையில் அனுமதிக்கப்பட்டது. 1995-ல் மத்திய வேகச் சட்டமே ரத்தாயிற்று.

ஐரோப்பாவின் அனுபவமும் இதே பாடத்தைப் போதிக்கிறது. மேற்கு ஜெர்மனி 1973 நவம்பரில் தன் ஆட்டோபான் சாலைகளில் 100 கிலோமீட்டர் வரையறை விதித்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதையே தடுத்தது. 1974 மார்ச்சில் வரையறை எடுபட்டுவிட்டது. 130-க்கு மேல் போகவேண்டாம் என்ற சிபாரிசு மட்டுமே மிஞ்சியது. லிபியாவில் கலகம் மூண்டு எண்ணெய் விலை ஏறியபொழுது, ஸ்பெயின் 2011 மார்ச் 7-ந் தேதி வேக வரையறையை 120-லிருந்து 110-ஆகக் குறைத்தது. ஜூன் முடிவில் பழையபடி 120-ஆக்கிற்று. 120-லிருந்து 110-க்கு இறங்கினால், எல்லோரும் கட்டுப்பட்டு ஒரே சீராக ஓட்டும் பக்ஷத்தில் 100-க்கு 12 முதல் 18 வரையில் மிச்சமாகும் என்றும், ஜனங்கள் நடைமுறையில் ஓட்டும் விதத்தைப் பார்த்தால் 2 அல்லது 3-தான் மிஞ்சும் என்றும் ஐரோப்பியச் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் கணக்கிட்டது. 12-க்கும் 2-க்கும் இடையிலுள்ள வித்தியாசம் எஞ்சினில் இல்லை, மனிதனிடத்தில் இருக்கிறது.

சொற்பம் என்று சொல்லி இதைத் தள்ளிவிடவும் கூடாது. யுக்ரேன் யுத்தம் மூண்ட பிறகு, 2022 மார்ச்சில் சர்வதேச எரிசக்தி ஸ்தாபனம் பத்து யோசனைகளை வெளியிட்டது. அவற்றுள் முதலாவது, நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 10 கிலோமீட்டராவது குறைக்கவேண்டும் என்பது. முன்னேறிய தேசங்கள் அனைத்தும் இதைச் செய்தால் கார்களில் மட்டும் தினந்தோறும் சுமார் 2,90,000 பீப்பாயும், லாரிகளில் மேலும் 1,40,000 பீப்பாயும் மிச்சமாகும் என்று அந்த ஸ்தாபனம் மதிப்பிட்டது. இதற்குப் புதிய யந்திரம் வேண்டாம்; புதிய எண்ணெய்க் கிணறு வேண்டாம்; வலது பாதத்தைச் சற்றுத் தளர்த்தினால் போதும்.

நமது தேசத்திற்கும் இதில் சம்பந்தம் உண்டு. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 80 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. நமது விரைவுச் சாலைகளில் கார்களுக்கு 120 கிலோமீட்டர் வேகத்தை அனுமதித்து 2018-ல் மத்திய சர்க்கார் அறிவிப்பு வெளியிட்டது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் விபத்துக்களையும் உயிர்ச்சேதத்தையும் கருதி அவ்வறிவிப்பை ரத்து செய்தது. உயிரைக் குறித்த அந்த விவாதம் மிகவும் அவசியமானது. அதோடு எண்ணெயைக் குறித்த விவாதமும் நடைபெறவேண்டும். அகலமான சாலை போடுவது அபிவிருத்தியே. அச்சாலையில் 120-ல் பறப்பதும் அபிவிருத்திதான் என்று எண்ணுவது மயக்கம்.

எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் கேட்பதே நியாயம். காலத்திற்கும் மதிப்புண்டு என்கிறார்கள், மறுப்பதற்கில்லை. பிரசவ வேதனையில் உள்ள ஸ்திரீயை ஏற்றிச் செல்பவருக்குப் பத்து நிமிஷம் ஒன்றேகால் லிட்டரைவிட ஆயிரம் மடங்கு மேலானது. ஆனால் கல்யாண வீட்டுக்கும் கடற்கரைக்கும் போகிறவர்களுக்கும் அந்த அவசரம் உண்டா? வேண்டுமென்றே கொடுக்கும் விலை வேறு. தெரியாமல் பறிகொடுக்கும் பணம் வேறு.

அமெரிக்காவின் இருபது வருஷ அனுபவம் நமக்குச் சொல்வது இதுதான்: சட்டம் வேண்டும், சட்டம் மட்டும் போதாது. அமெரிக்கக் காங்கிரஸ் 1975-ல் கார் உற்பத்தியாளர்களுக்கு ஒரு நிபந்தனை விதித்தது. 1985-க்குள் அவர்கள் விற்கும் புதுக் கார்கள் சராசரியாக ஒரு காலனுக்கு 27½ மைல் ஓடவேண்டும் என்ற அந்த நிபந்தனை, வேகச் சட்டத்தைவிட அதிக எண்ணெயை மிச்சப்படுத்தியது. அது தொழிற்சாலையைக் கட்டுப்படுத்தியது. வேகச் சட்டமோ கோடிக்கணக்கான பாதங்களைக் கட்டுப்படுத்த முயன்றது. அப்பாதங்களைக் கட்டுப்படுத்த அறிவினால் மட்டுமே முடியும். ஆகவே, சர்க்கார் வரையறை விதிக்கும்பொழுது அதன் காரணத்தையும் கணக்கையும் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். ஜனங்களும் போலீஸ்காரர் நிற்கிறாரா என்று பார்ப்பதை விட்டு, தாம் வாங்கும் பத்து நிமிஷத்திற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்க்கவேண்டும். அந்நிய எண்ணெயை நம்பி வாழும் தேசத்தில் ஒவ்வொரு லிட்டரும் பொதுச் சொத்து. அதைக் காற்றில் விடுவதற்கு முன் ஒருமுறை யோசிப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமையாகும்.