ஏலமும் இணையமும்

‘ஏலம்’ என்னும் சொல் நறுமணக் காயையும் குறிக்கும். போட்டி விற்பனையையும் குறிக்கும். உடும்பஞ்சோலை மலைப்பகுதியில் இரண்டும் உண்டு. இரண்டாவது ஏலத்திற்கு இன்று இணையமும் துணைநிற்கிறது.

1969 அக்டோபர் 29 அன்று கலிபோர்னியாவில் ஒரு கணினியிலிருந்து தொலைவிலிருந்த மற்றொன்றிற்கு ‘லாகின்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அனுப்ப முயன்றனர். இரண்டே எழுத்துகள் சென்றன, கணினி செயலிழந்தது. அதுவே இணையத்தின் தொடக்கம். இந்தியப் பொதுமக்களுக்கு அவ்வசதி 1995 ஆகஸ்டு 15 அன்று கிடைத்தது.

முன்னாளில் ஏலக்காய் வணிகர்கள் ஓரிடத்தில் கூடி உரத்த குரலில் விலை கேட்டனர். இப்போது புற்றடியில், நறுமணப் பொருள் வாரியத்தின் மையத்தில், கணினிமுன் அமர்ந்து விலையைப் பதிவு செய்கின்றனர். மாதிரிக் காயைக் கையிலெடுத்து, பருமனும் பச்சை நிறமும் பார்த்த பின்னரே விலை கூறுவர். அந்த வேலையைக் கணினி செய்யாது. 2021 முதல் மலையடிவாரத்துப் போடிநாயக்கனூரில் இருப்போரும் இணையவழி அதே ஏலத்தில் பங்கேற்க முடிகிறது. வாங்குவோர் பெருகினால் விலை உயர வாய்ப்புண்டு. காய் பறிப்போரின் கூலி அதனுடன் தானாக உயர்வதில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் பாடங்கள் இணையவழி நடைபெற்றபோது, இடுக்கியின் தோட்டக் குடியிருப்புகள் சிலவற்றில் கைப்பேசிக்கு அலை எட்டவில்லை. மாணவர் அலை கிடைக்கும் இடம் தேடிச் சென்றனர். 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்ட கேரள அரசின் கே-ஃபோன் திட்டம், மின்கம்பங்களின் வழியே கண்ணாடியிழை வடங்களைக் கொண்டுசெல்கிறது. வறிய குடும்பங்களுக்குக் கட்டணமின்றி இணைப்பு வழங்குவதும் அதன் நோக்கம். மின்சாரம் எட்டிய லயங்களுக்கு இனி இணையமும் எட்டக்கூடும்.